நாற்காலியில் உட்காராதவர்

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் இருக்கிறது, வாடகை ஒப்பந்தத்தில் இருக்கிறது, மனிதர்கள் வாயில் மட்டும் இல்லை. தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அவர் ‘அஞ்சு நிமிஷம்’. உட்காருங்கள் என்றால் “அஞ்சு நிமிஷம், வந்துடறேன்” என்பார். சாப்பிடலாமா என்றாலும் அதே பதில். மகளின் பள்ளிக்கூட விழாவில், அவள் மேடையேறுவதற்குச் சற்று முன்னால் “அஞ்சு நிமிஷம்” என்று எழுந்து போனவர், அவள் பரிசு வாங்கி, இறங்கி, வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு முடித்த பிறகுதான் திரும்பினார். ஐந்து நிமிஷத்தில் அவர் திரும்பி வந்ததாக இதுவரை யாரும் சாட்சி சொன்னதில்லை.

தொழில், லிஃப்ட் பழுதுபார்ப்பது. முப்பத்து நான்கு வருஷமாக அதே கம்பெனி. இருபத்தாறு லிஃப்ட்டுகள் அவர் பொறுப்பில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் சளியும் இருமலும் அவருக்கு அத்துப்படி. தரைத்தளத்தில் நின்றபடி சத்தத்தைக் கேட்டே, ஐந்தாவது மாடிக் கதவின் உருளை தேய்ந்திருக்கிறது என்பார். ஏறிப் பார்த்தால் தேய்ந்துதான் இருக்கும். கெட்டிக்காரர், அதில் சந்தேகமே இல்லை. கெட்டிக்காரரோடு குடித்தனம் நடத்துவது எப்படி என்பதை அவர் மனைவியிடம்தான் கேட்க வேண்டும்.

காலில் சக்கரம் கட்டிக்கொண்டே பிறந்தவர் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். அது பொய். மற்ற பிள்ளைகளைப் போலத்தான் பிறந்தார். வாலிபத்தில் நன்றாகத் தூங்கக்கூடத் தெரிந்திருந்தது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம், ஒரு விடுமுறை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். போன் வந்தது. ஒரு லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ஆள் இருக்கிறார் என்றார்கள். “அஞ்சு நிமிஷத்துல வரேன்” என்று போனை வைத்தவர், அப்படியே மறுபடி கண்ணயர்ந்துவிட்டார். விழித்து, வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடிக் கதவைத் திறந்தபோது மூன்று மணி நேரம் போயிருந்தது.

உள்ளே ஒரு கிழவர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். எப்படியும் கிழிகிழி என்று கிழிக்கப் போகிறார் என்று இவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். கிழவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். “சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்களா தம்பி? லீவு நாள்ல உங்களைத் தொந்தரவு பண்ணிட்டேன்” என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போனார்.

திட்டியிருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருக்கும். அந்தக் கரிசனம்தான் முப்பது வருஷமாக உள்ளே கிடந்து அறுக்கிறது. எங்கேயாவது கொஞ்சம் நிம்மதியாக உட்கார்ந்தால் போதும், எங்கோ ஒரு பெட்டிக்குள் யாரோ தரையில் உட்கார்ந்து தனக்காகக் காத்துக்கொண்டிருப்பதாகத் தோன்றிவிடும். தோன்றியதும் எழுந்துவிடுவார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. சொல்வதற்கு உட்கார வேண்டுமே.

கிழவர் மாட்டிக்கொண்ட அந்த வருஷக் கடைசியில் கல்யாணம் நடந்தது. ஆக, மனைவிக்கு வாய்த்தவர் அந்தக் கிழவருக்குப் பிற்பட்ட மனிதர்தான். கல்யாண போட்டோவில் அவள் நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் நிற்கும் மாப்பிள்ளையை அந்த நேரம் பார்த்து யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். முகம் கலைந்து, ஒரு காது மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது. “எனக்கும் அந்தக் காதுக்கும் கல்யாணம் ஆகி முப்பத்தோரு வருஷம் ஆச்சு” என்று அவள் வருகிறவர்களிடம் அதைக் காட்டுவாள். அதற்குப் பிறகு எடுத்த படங்களில் ஒன்று அவர் கேமராவைப் பிடித்துக்கொண்டிருப்பார், இல்லையென்றால் போயிருப்பார். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிற படம் என்று அந்த வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது.

அவள் ஒரு துணிக்கடையின் பின்னறையில், வாங்குகிறவர்களின் அளவுக்குத் துணிகளைப் பிரித்துத் தைத்துக் கொடுக்கிறவள். நாள் முழுக்க உட்கார்ந்தே பிழைப்பு. நின்றே பிழைக்கிறவரிடம் வந்து மாட்டிக்கொண்டாள். அழுகிற ரகம் இல்லை, வாயால் ஈடுகட்டிக்கொள்கிற ரகம். “நாய்க்கு வேலையும் இல்ல, நிக்க நேரமும் இல்லன்னு சொல்லுவாங்க. இவருக்கு வேலையாவது இருக்கு, அதுவரைக்கும் சந்தோஷம்” என்பாள்.

அவர் பார்த்துக்கொண்ட கட்டடங்களில் ஒன்றில், ஏழாவது மாடியில், ஓவியம் வரைகிற பெண் ஒருத்தி குடிவந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். அதுதான் கடைசி மாடி, வெளிச்சம் நன்றாக விழும் என்று எடுத்தாளாம். அவள் வரைவதெல்லாம் சும்மா இருக்கிற மனிதர்களை. ஏரிக்கரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்கள், மொட்டை மாடியில் பந்தாடுகிறவர்கள், மழை நாளில் ஜன்னலோரம் சீட்டு விளையாடுகிறவர்கள். எல்லாம் முப்பது நாற்பது வருஷத்துக்கு முந்தைய விடுமுறை நாட்கள். அவள் பிறப்பதற்கு முந்தையவையும் அதில் சேர்த்தி.

வேலை செய்கிற விதம்தான் வேடிக்கை. பழைய சாமான் கடைகளில் அலைந்து ரேடியோ, ஃபிளாஸ்க், பிரம்பு நாற்காலி, தடித்த சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடி எல்லாம் வாங்கி வருவாள். அறையில் நாடக மேடை மாதிரி அடுக்குவாள். அந்தக் கட்டடத்து ஆட்களையே பிடித்து, பழைய காலத்து உடுப்பை மாட்டி உட்காரவைப்பாள். நாற்காலிக் கால்களைச் சுற்றியும் கோப்பைகளைச் சுற்றியும் கலர் டேப் ஒட்டிக் குறி வைத்துக்கொள்வாள், அடுத்த வாரம் வந்தாலும் எல்லாம் அதே இடத்தில் இருக்க வேண்டும் என்று. பிறகு வாரக்கணக்கில் வரைவாள். கட்டடத்துக் காவலாளி இப்போது ஒரு படத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிறார். அவர் வாழ்நாளில் மீனைத் தட்டில்தான் பார்த்திருக்கிறார்.

ஓவியப் பெண் கடையில் மடித்துத் தைக்கக் கொடுத்திருந்த திரைச்சீலையைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒருநாள் மனைவி அந்த ஏழாவது மாடிக்குப் போனாள். ஓவியப் பெண் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அக்கா, ஒரு படத்துக்கு உக்காருவீங்களா? புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரு, ஞாயித்துக்கிழமை சாயங்காலம், சீட்டு விளையாடறாங்க” என்றாள்.

“புருஷன் யாரு?”

“யாரையாவது போட்டுக்கலாம்.”

“யாரையாவது எதுக்கு? என்கிட்டயே ஒருத்தர் இருக்கார். ஆனா படத்தோட நகல் ஒண்ணு எனக்கு வேணும்மா. வீட்ல மாட்டறதுக்கு.”

ஓவியப் பெண் சரி என்றாள். வீட்டுக்கு வந்ததும் மனைவி முன்னறைச் சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றி, ஆணியைக் காலியாக வைத்தாள். வெளியூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு, “உங்கப்பாவும் நானும் படத்துல உக்காரப் போறோம்” என்று சொன்னாள். அதன் பிறகுதான் அவரிடமே சொன்னாள்.

“மூணு ஞாயித்துக்கிழமை. ரெண்டு மணிலேருந்து அஞ்சு வரைக்கும். இத்தனை வருஷத்துல உங்ககிட்ட நான் எதுவும் கேட்டதில்ல.”

“கேட்டிருக்கியே.”

“கேட்டிருக்கேன். அதுக்குள்ள நீங்க படி இறங்கியிருப்பீங்க.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. சரி என்று ஒப்புக்கொண்டார். மனசாரத்தான் ஒப்புக்கொண்டார், அதில் கள்ளம் இல்லை.

முதல் ஞாயிறு. அவருக்கு நீளக் காலர் வைத்த பழுப்புச் சட்டை, தடித்த மூக்குக்கண்ணாடி. அவளுக்குப் பூப்போட்ட உடை. அவளே இடுப்பில் இரண்டு விரல் பிரித்து விட்டுக்கொண்டாள். சின்ன மேஜை, சீட்டுக்கட்டு, ரேடியோ, இரண்டு டீக் கோப்பை.

“இது மாதிரி ரேடியோ எங்க வீட்ல இருந்ததே இல்லையேம்மா” என்றாள் மனைவி.

“பார்க்க வர்றவங்க வீட்ல இருந்திருக்கும்க்கா” என்றாள் ஓவியப் பெண். பிறகு கதையைச் சொன்னாள். படத்தில் உட்காருகிறவர்களுக்கு முதலில் ஒரு கதை சொல்லிவிடுவது அவள் வழக்கம். “சாப்பிட்டதுலேருந்து விளையாடிக்கிட்டு இருக்கீங்க. அக்காதான் ஜெயிக்கறாங்க. வெளிய மழை பெஞ்சு விட்டிருக்கு. ரெண்டு பேருக்கும் எங்கயும் போக வேண்டிய அவசியம் இல்ல.”

“மறுநாள் வேலை இருக்குமே?” என்றார் அவர்.

“மறுநாள் இன்னும் வரல அண்ணே.”

“ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டு வரையலாமே, எதுக்கு மூணு வாரம்?”

“போட்டோல உங்களை நிறுத்தி வெச்ச மாதிரிதான் இருக்கும். உக்காந்திருக்கற மாதிரி இருக்காது. அது உக்காந்து பழகினாத்தான் வரும்.”

பழகலாம் என்றுதான் அவரும் நினைத்தார். ஆனால் அந்த அறைக்கு நேர் மேலேதான் லிஃப்ட்டின் மோட்டார் அறை. இதை ஓவியப் பெண் யோசிக்கவில்லை, மனைவிக்குத் தெரியாது, அவருக்கோ நன்றாகத் தெரியும். யாராவது கீழே பொத்தானை அமுக்கினால் தலைக்கு மேல் மோட்டார் உறுமும், கயிறு ஓடும், நிற்கும்போது பிரேக் ‘க்ரீச்’ என்று ஒரு இழு இழுக்கும். மற்றவர்கள் காதில் அது விழாது. அவருக்கோ தன் குழந்தை பக்கத்து அறையில் இருமுகிற மாதிரி. கையில் சீட்டு, கண் கூரையில். அன்று அவர் பதினொரு தடவை எழுந்தார். ஓவியப் பெண் எண்ணிக்கொண்டிருந்தாள். மனைவி எண்ணவில்லை, பழகிப்போனவள்.

இரண்டாவது ஞாயிறு தானே ஒரு வழி கண்டுபிடித்தார். லிஃப்ட்டையே நிறுத்திவிட்டு, ‘பழுது’ என்று எழுதிய பலகையைத் தரைத்தளத்தில் மாட்டிவிட்டு, ஏழு மாடி ஏறிவந்து உட்கார்ந்தார். பதினைந்து நிமிஷம் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி இருந்தார். ஓவியப் பெண் மனைவியின் தோளை வரைந்து முடித்து, இவர் பக்கம் திரும்பினாள். அதே நேரம் படிக்கட்டில் பெரிய ரகளை. நான்காவது மாடிக்காரருக்குத் துணி அலமாரி வந்து இறங்கியிருந்தது. தூக்கி வந்தவர்கள் இரண்டாவது மாடித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு, லிஃப்ட் பழுதுபார்க்கிறவனைப் பெயர் சொல்லாமல் என்னென்னவோ சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார்கள். நல்லா இருக்கிற லிஃப்ட்டை நிறுத்தியது இவர்தான் என்று யாருக்கும் தெரியாது. அவருக்குத் தெரியுமே. “அஞ்சு நிமிஷம்” என்று போய், அலமாரிக்கு ஒரு முனை கொடுத்து, நான்காவது மாடி வரை சுமந்துவிட்டு வந்தார். சட்டை வியர்வையில் நனைந்து நிறமே மாறிவிட்டது. அன்றைக்கு அவ்வளவுதான்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் அதிகம் பேச்சில்லை. திட்டினால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவருக்கு. சனிக்கிழமை அவராகவே, “நாளைக்கு டூட்டியை வேற ஆள்கிட்ட மாத்திக் குடுத்துட்டேன். போனையும் உன் பையிலயே வெச்சுக்கோ” என்றார். அவள் நம்பவில்லை. நம்ப ஆசையாக இருந்தது, அதனால் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

மூன்றாவது ஞாயிறு, அவர் உட்கார்ந்தார். உண்மையாகவே உட்கார்ந்தார். நாற்காலியில் முதுகு சாய்ந்தது. ஓவியப் பெண் அவருடைய இடது கையிலிருந்து தொடங்கினாள். இருவரும் நிஜமாகவே விளையாடினார்கள். வருஷா வருஷம் அதே கால்சட்டையைக் கொண்டுவந்து ஒரு விரல் பிரித்து விடச் சொல்கிற வாடிக்கையாளர் ஒருவரைப் பற்றி அவள் சொன்னாள். “இனிமே பிரிக்கத் துணியே இல்ல சார்னு சொன்னேன். அப்ப இனிமே நான் சாப்பிடக் கூடாதான்னு கேக்கறார்.” அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவள் வரிசையாக மூன்று ஆட்டம் ஜெயித்தாள். “நீ இவ்வளவு நல்லா ஆடுவியா?” என்று கேட்டார். “கடையில சாப்பாட்டு நேரத்துல தினமும் ஆடறோம், பத்து வருஷமா” என்றாள். அவருக்கு அது புதுச் செய்தி. இருபத்தைந்து நிமிஷம் இப்படிப் போனது. அவளுக்கு உள்ளுக்குள் பயமாகக்கூட இருந்தது, கண் பட்டுவிடுமோ என்று.

அப்போது அவர் தலையைத் தூக்கினார். “ஏன் சத்தமே இல்ல?”

“எது சத்தம்?”

“லிஃப்ட். ரொம்ப நேரமா அசையவே இல்ல.”

“ஞாயித்துக்கிழமை. எல்லாரும் தூங்கறாங்க” என்றாள் அவள்.

அவருக்கும் அது தெரியும். ஆனாலும் அந்த அமைதி சத்தத்தைவிட மோசமாக இருந்தது. யாராவது உள்ளே மாட்டிக்கொண்டு, கூப்பிடக் கூச்சப்பட்டு, தரையில் உட்கார்ந்திருந்தால்? முள்ளின்மேல் உட்கார்ந்த மாதிரி இரண்டு நிமிஷம் நெளிந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “அஞ்சு நிமிஷம், பார்த்துட்டு வந்துடறேன்.”

அவள் கையிலிருந்த ஒரு சீட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லிஃப்ட் தரைத்தளத்தில் காலியாக, தேக ஆரோக்கியத்தோடு நின்றுகொண்டிருந்தது. அத்தோடு திரும்பியிருக்கலாம். வந்தது வந்தோம், அந்தப் பிரேக்கையும் பார்த்துவிடலாமே என்று மோட்டார் அறைக்கு ஏறினார். கழற்றிப் பார்த்தால் பிரேக் கட்டை பாதி தேய்ந்திருந்தது. வேறு கட்டை எடுத்துவர கம்பெனிக் கிடங்குக்குப் போனார். மாட்டி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு ஏழாவது மாடி அறைக்கு வந்தபோது வெளிச்சம் போய்விட்டிருந்தது. மனைவி இருந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஓவியப் பெண் வியர்க்க விறுவிறுக்க வரைந்துகொண்டிருந்தாள்.

“அண்ணே, இனிமே நீங்க வர வேண்டாம்” என்றாள், தலையைத் திருப்பாமல். “படம் கிடைச்சிருச்சு.”

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்ட பிள்ளை மாதிரி அவருக்கு ஒரு நிம்மதி. மனைவியைப் பார்த்தார். அவள் இரவல் உடையின் பொத்தானைக் கழற்றியபடி எழுந்து, “நல்லதாப் போச்சு” என்றாள். அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் அதைப் பற்றி அவள் பேசவே இல்லை. காலண்டர் மறுபடி ஆணியில் ஏறியது. அதைப் பார்த்தபோது அவருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. தெரியாததால் வேலைக்குப் போனார்.

ஐந்து மாதம் கழித்து ஓவியப் பெண் கண்காட்சிக்கு அழைத்தாள். ஒரு பழைய கிடங்கை வெள்ளையடித்து, பலகைத் தடுப்புகள் வைத்துப் படங்களை மாட்டியிருந்தார்கள். கூட்டம் நிறைய. ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் யாராவது நின்று, “எங்க வீட்ல இதே ஃபிளாஸ்க் இருந்தது” என்று கண்கலங்கிக்கொண்டிருந்தார்கள். போன வருஷம் பழைய சாமான் கடையில் வாங்கிய ஃபிளாஸ்க் அது. அப்படி ஒரு நாள் நடக்கவே இல்லை, அந்த மழை பெய்யவே இல்லை, காவலாளிக்குத் தூண்டில் பிடிக்கத் தெரியாது. ஆனாலும் வந்தவர்கள் அத்தனை பேரும் அந்த நாளைத் தங்கள் வீட்டு நாளாக எடுத்துக்கொண்டு போனார்கள். மனிதர்களுக்குப் போன காலத்தின் மேல் இருக்கிற பசி இருக்கிறதே, அதற்கு எதைப் போட்டாலும் தின்னும்.

அவர்களுடைய படம் கடைசித் தடுப்பில் இருந்தது. மேஜை, சீட்டுகள், ரேடியோ. ஒரு கோப்பை காலி, இன்னொன்று நிறைய. பூப்போட்ட உடையில் அவள், கையில் ஒற்றைச் சீட்டோடு, மேஜைமேல் இருந்த மூக்குக்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எதிரே நாற்காலி. மெத்தையில் ஆள் உட்கார்ந்த பள்ளம்கூட இருக்கிறது, ஆள் இல்லை. அவருடைய இடது கையை ஓவியப் பெண் பிறகு அழித்துவிட்டாளாம்.

“நல்லா இருக்கு இல்ல?” என்றாள் மனைவி.

அந்த நாற்காலிக்கு முன்னால் அவரால் நிற்க முடியவில்லை. கிடங்கின் மறுகோடியில் பழைய சரக்கு லிஃப்ட் ஒன்றின் கதவு முனகுவது கேட்டது. கடவுளே கூப்பிட்ட மாதிரி இருந்தது. “அஞ்சு நிமிஷம்” என்றார்.

கதவு முழுசாக மூடாமல் ஒரு விரற்கடை நின்றது. சின்ன வேலைதான், ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். அது இருந்த பை மனைவியின் தோளில் மாட்டியிருந்தது. அதை வாங்க உடனே திரும்பினார். ஐந்து நிமிஷத்துக்குள் அவர் திரும்பி வந்த ஒரே தடவை அதுதான்.

தடுப்புக்குப் பின்பக்கமாக வந்தவருக்கு, மறுபக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. வயதானவர் குரல்.

“படத்துல இருக்கறது நீங்கதானேம்மா?”

“ஆமாங்க.”

“பார்த்ததுமே புரிஞ்சுது. எங்க வீட்டுக்காரர் போய் ரெண்டு வருஷம் ஆகுது. அவரும் கண்ணாடியை இப்படித்தான் வெச்சுட்டுப் போனார். நான் இன்னும் எடுக்கவே இல்ல, அங்கயே இருக்கு.” குரல் உடைந்தது. “எவ்வளவு காலம்மா சேர்ந்து இருந்தீங்க?”

இப்போது சொல்வாள் என்று அவர் நினைத்தார். ‘ஐயோ, அவர் நல்லா இருக்காருங்க, அங்க லிஃப்ட்டைப் பார்த்துக்கிட்டு இருக்கார்’ என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். சொன்னதும் இந்தப் பக்கமாகத் தலையை நீட்டிக் காட்டலாம் என்று ஒரு அடி எடுத்தும் வைத்தார்.

“சேர்த்துப் பார்த்தா” என்றாள் மனைவி. “ஒரு இருபத்தஞ்சு நிமிஷம் இருக்குங்க.”

“அப்படித்தான்மா இருக்கும்” என்றார் அந்த அம்மாள். “எங்களது நாற்பது வருஷம். இப்ப நினைச்சுப் பார்த்தா எனக்கும் அவ்வளவுதான் மிஞ்சுது.” பிறகு அந்த அம்மாள் அழுகிற சத்தம் கேட்டது. மனைவி அவர் கையைப் பிடித்திருக்க வேண்டும்.

எடுத்த அடியை அவர் பின்னால் வைத்தார். இப்போது போய் நின்றால் மனைவி பொய்க்காரி ஆவாள், அந்த அம்மாள் ஏமாளி ஆவார். தடுப்பின் பின்னால் கிடங்குக் காவலாளிக்குப் போட்ட ஒரு பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்தார். மறுபக்கத்தில் அந்த அம்மாள் தன் கணவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். நடுநடுவே அவளும் ஏதோ சொன்னாள். கால்சட்டை வாடிக்கையாளர் கதையைச் சொன்னாள், “அதுக்கு அவர் அப்படிச் சிரிச்சாருங்க” என்றாள். செத்தவரைப் பற்றிச் சொல்கிற மாதிரியேதான் சொன்னாள்.

அவர் முழங்கால் தன்னால் துள்ளியது. இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். மறுகோடியில் சரக்கு லிஃப்ட்டின் கதவு மூடமாட்டாமல் முனகிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முனகலுக்கும் பல் கூசியது. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. டூட்டி வேறு ஆளுடையது, இருந்தும் கை பரபரத்தது. எடுத்துப் பார்க்காமலே அணைத்தார். கிடங்குக் காவலாளி வந்து, “யாருக்காவது காத்துக்கிட்டு இருக்கீங்களா சார்?” என்று கேட்டபோது வாயில் விரல் வைத்துக் கெஞ்சினார். முப்பத்தோரு வருஷத்தில் தான் எழுந்து போன பிறகு அவள் எப்படி உட்கார்ந்திருந்தாள் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. அழுதால் சத்தம் கேட்டுவிடும் என்று அழுகையையும் விழுங்கினார். ஒரு மணி நேரம் ஆயிற்று. செத்தவர் எப்படி அசையாமல் இருக்க வேண்டுமோ அப்படி இருந்தார்.

அந்த அம்மாள் விடைபெற்றுப் போன பிறகும் கொஞ்சம் பொறுத்து, லிஃப்ட் இருந்த பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்து மனைவி முன்னால் நின்றார். அவள் முகம் கழுவினாற்போல இருந்தது.

“முடிஞ்சுதா? போலாமா?” என்றாள்.

பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். நிறுத்தத்தில் நின்றதும், அவரைப் பார்க்காமல், “ஒரு அம்மாகிட்ட பொய் சொல்லிட்டேங்க” என்றாள்.

“என்ன பொய்?”

“நீங்க உயிரோட இல்லன்னு நினைச்சுட்டாங்க. நானும் அப்படியில்லன்னு சொல்லல. எனக்காக அழுதாங்க. எனக்காக யாரும் அழுது நான் பார்த்ததில்ல. கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போகட்டுமேன்னு விட்டுட்டேன். தப்புதான்.” கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டாள். “அந்தப் படத்து நகலை அவங்களுக்கே குடுத்துடச் சொல்லிட்டேன். அவங்க வீட்ல மாட்டினாப் பொருத்தமா இருக்கும். நம்ம வீட்ல மாட்டினா, நீங்க முன்னாடி குறுக்கயும் நெடுக்கயும் போய்க்கிட்டு இருப்பீங்க. சிரிப்பு வரும்.”

அவர் தலையாட்டினார்.

“நல்லவேளை, நடுவுல நீங்க வரல. வந்திருந்தா என் மானமே போயிருக்கும்” என்றாள். பிறகு, முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக, அவர் வராமல் இருந்ததற்காக அவர் கையைத் தொட்டாள். “ஒரு மணி நேரம் ஆச்சே, அப்படி என்னங்க பழுது அந்த லிஃப்ட்ல?”

நான் உடனே திரும்பிவிட்டேன், தடுப்புக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால், அந்த இருபத்தைந்து நிமிஷத்தையும் கேட்டேன் என்று சொல்ல வேண்டும்.

“கதவு சரியா மூடல” என்றார். “சரி பண்ணிட்டேன்.”

ஒரு லிஃப்ட்டைப் பற்றி அவர் வாழ்நாளில் வாயால் சொன்ன முதல் பொய் அது.